ஒரு கார்ப்பரேட்டர், மூன்று ஜீப்புகள்

மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி, சொந்த உபயோகத்துக்கானது, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் மூல வடிவில் இருப்பது என்றால் அதற்குத் தனி வரிசையில் ஓர் எண் உண்டு. விண்ணப்பம் முறையாக இருந்தால் அறுபது நாளுக்குள் பதிவுச் சான்று வழங்க வேண்டும். தலைமைச் செயலகத்தில் என் பணிக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட வாக்கியங்களை வாசித்தும், சில சமயம் எழுதியும் கழித்தவன் நான். அதனால் இந்த விதியை முதலில் படித்தபோது நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. நன்றாக எழுதப்பட்ட விதியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் அந்த உணர்வு மழுங்கிவிட்டது.

வண்டி என் அக்காவுடையது. நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியையாக இருந்தவள். செடி சேகரிக்க மலைகளுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் போகும் இடங்களில் இருக்கும் செடிகளையெல்லாம் வேறு யாரோ ஏற்கெனவே சேகரித்துவிட்டார்கள் என்று சொல்லி, ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஏலம் போட்ட ஜீப்பை எடுத்தாள். நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ரோல் ஜீப். பின்னால் பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் போக, எல்லாரையும் போல அவளும் டீசல் எஞ்சினுக்கு மாற்றினாள். முறைப்படி அனுமதி வாங்கி, வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பதிந்துகொண்டு. கழற்றிய பெட்ரோல் எஞ்சினை விற்கவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் சாக்கு சுற்றிக் கிடந்தது. எதையும் தூக்கிப் போடாதவள். அவள் அலமாரியில் காய்ந்த இலைகளுக்கு இருக்கும் இடம் புடவைகளுக்கு இல்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்ப்பகுதியில் அவள், மாடியில் நானும் என் மனைவியும். எழுபத்தெட்டு வயதில் அவளுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோய். ஓரங்கள் தெரியும், எதைப் பார்க்க நினைக்கிறோமோ அது தெரியாது. இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணில் ஆரம்பம். தியாகராய நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவ்வப்போது கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நோய் முற்றினால் நேர்க்கோடுகள் வளைந்து தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கட்டம் போட்ட தாளை ஒட்டி, தினமும் காபிக்கு முன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் காபி கலக்கப் போவாள். கோடுகள் நேராக இருந்தனவா என்று நாங்கள் கேட்பதில்லை.

கொட்டகையில் ஜீப் ஓடாமல் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. பதிவு காலாவதி. அவளுடைய ஓட்டுநர் உரிமம் மட்டும் உயிரோடிருந்தது, வருகிற ஐப்பசி வரை. ஒரு நாள் மாடிக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒரு தரம் நானே ஓட்டணும்டா. நம்மாத்துலேர்ந்து அடையாறு பாலம் தாண்டி திருவான்மியூர் வரைக்கும். அப்புறம் கண்ணு என்ன பண்ணாலும் பண்ணிக்கட்டும்."

பழம்பெரும் வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் பெட்ரோல் போடவும்தான் வெளியே எடுக்கலாம் என்று நான் விதியைச் சொன்னேன்.

"அப்போ பெட்ரோல் போடப் போறேன்னு வெச்சுக்கோ. திருவான்மியூர் பெட்ரோல்தான் நேக்குப் பிடிக்கும்."

டீசல் எஞ்சினோடு சாதாரண வண்டியாகப் பதிவைப் புதுப்பிக்க முடியுமா என்று முதலில் பார்த்தேன். அது விட்ட புகைக்கு எந்த அலுவலகமும் தகுதிச் சான்று தராது. எனவே பழம்பெரும் வண்டி வழிதான். அதற்கு மூல வடிவம் வேண்டும். மூல வடிவம் சாக்கில் இருந்தது.

ஆதம்பாக்கத்தில் பழைய ஜீப்புகளை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். ஐம்பது வயதிருக்கும். நிறையப் பேசுவார். அவர் சொல்வதில் பாதி நடக்கும், எந்தப் பாதி என்று முன்கூட்டித் தெரியாது. மூன்று வண்டி நிற்கிற அளவுக்கு மதில் சுற்றிய ஓர் இடம், மேலே தகரம், நடுவில் தகரத்தைத் தாங்க ஓர் இரும்புக் கம்பம். எங்கள் ஜீப்பை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்கியபோது, அதே வயதில் அதே மாதிரி இன்னும் இரண்டு அங்கே நின்றன. ஒன்று கே.கே. நகரில் படப்பிடிப்புகளுக்குப் பழைய வண்டி வாடகைக்கு விடுகிறவருடையது. மற்றொன்றின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வண்டியில் சக்கரங்களைத் தவிர ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

சாக்கைப் பிரித்தபோது நல்ல சேதியும் கெட்ட சேதியும் சேர்ந்தே வந்தன. இந்த ரக எஞ்சின்களில் தலைப்பகுதி, அவர்கள் மொழியில் 'ஹெட்', கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் விரிசல் விட்டிருக்குமாம். அக்காவுடையதில் ஒரு கீறல்கூட இல்லை. மெக்கானிக் அதைத் துணியால் துடைத்து, குழந்தையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்ப்பரேட்டரைக் காணோம். டீசலுக்கு மாற்றியபோது எந்தப் புண்ணியவானோ தனியாகக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

கார்ப்பரேட்டர் தேடி நான் பார்த்த சென்னை வேறு ஒரு சென்னை. புதுப்பேட்டையில் தலைக்கு மேலே கதவுகளும் பம்பர்களும் தொங்கும் சந்துகளில், என் வயதுக்கு மரியாதை கொடுத்து ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். பிறகு, இல்லை என்றார்கள். ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் கேஸ்கட் செட்டைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெட்டியைத் தொட்டதும் அட்டை பொடியானது, உள்ளே சரக்கு புதிதாக இருந்தது. கார்ப்பரேட்டர் பற்றிக் கேட்டதும் சிரித்தார். இணையத்தில் விற்பதெல்லாம் போலி, பெட்ரோலைக் குடிக்கும், வண்டியை நகர்த்தாது என்று மெக்கானிக் சொன்னார். நான் நம்பாமல் ஒன்றை வரவழைத்தேன். அது பெட்ரோலைக் குடித்தது, வண்டியை நகர்த்தவில்லை.

அப்போதுதான் அந்தத் தொழிலின் வழக்கம் எனக்குப் புரிந்தது. ஓடுகிற நிலையில் ஒரே ஒரு அசல் கார்ப்பரேட்டர் மெக்கானிக்கின் கொட்டகையில் இருந்தது, கே.கே. நகர்க்காரருடையது. யாருக்கு வண்டி ஓட வேண்டியிருக்கிறதோ அவர் வண்டிக்கு அது போகும். வேலை முடிந்ததும் திரும்பும். இதற்கு எழுத்தில் எதுவும் கிடையாது. கைமாற்று என்கிறார்கள். ஒரு பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதைப் போல. மூன்று ஜீப்புக்கும் சேர்த்து ஒரு ஜீப்பின் உயிர்தான் இருந்தது, அதை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூல வடிவம் என்று சான்று கேட்கப் போகிற வண்டியில் இரவல் பாகம் இருக்கலாமா என்று எனக்குக் கவலை. அதே ரகம், அதே காலத்துப் பாகம், விதிக்கு ஆட்சேபமில்லை என்று நானே எனக்குக் குறிப்பெழுதி நானே ஒப்புதல் கொடுத்துக்கொண்டேன். கே.கே. நகர்க்காரரிடம் அக்காவே போனில் பேசினாள். ஆய்வு முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, புரட்டாசியில் எனக்கு ஒரு ஷூட்டிங் இருக்கிறது, அதற்குள் வந்துவிட வேண்டும் என்றார். அவருடைய எஞ்சினின் ஹெட் மூன்று முறை வெல்டிங் செய்தது, அதுவே எத்தனை நாள் தாங்குமோ என்று அலுத்துக்கொண்டாராம்.

சித்திரை கடைசியில் எஞ்சின் உயிர் பெற்றது. முதலில் இருமியது, பிறகு அக்கா மலைகளிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே நாங்கள் அடையாளம் கண்டுகொள்ளும் அந்தச் சத்தம் வந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. வைகாசியில் விண்ணப்பம் போட்டேன். இணைப்புகள், புகைப்படங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று கேட்காத ஆவணங்கள். என் பழைய பிரிவில் அப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன்.

ஆய்வுக் குழுவும் வந்தது. மூன்று பேர். நல்ல மனிதர்கள், ஒருவர் ஜீப்பின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஓடுவதைக் கேட்டார்கள். பிறகு புத்தகத்தைப் புரட்டினார்கள். புத்தகத்தில் டீசல் என்றிருந்தது, முறைப்படி அனுமதி வாங்கிப் பதிந்த டீசல். எதிரில் நிற்பது பெட்ரோல். இதுதான் வண்டி பிறந்தபோது இருந்த எஞ்சின் என்பதற்கு, வண்டியை முதலில் பதிவு செய்த மலை மாவட்ட அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து எண்ணைச் சரிபார்த்துப் பதில் வர வேண்டும் என்றார்கள். அனுமதி வாங்காமல் திருட்டுத்தனமாக மாற்றியிருந்தால் புத்தகத்தில் பெட்ரோல் என்றே இருந்திருக்கும், அன்றைக்கே கையெழுத்தாகியிருக்கும். இதை அவர்களிடம் சொன்னேன். "கரெக்ட்தான் சார்," என்று மூத்தவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

கடிதம் மலைக்குப் போனது. பதில் வரும்வரை அறுபது நாள் கணக்கு நின்றுவிடும். அப்படி நிறுத்திவைக்க விதியிலேயே வழி இருக்கிறது, எனக்குத் தெரியும்.

ஆனி போனது. ஆடி போனது. நினைவூட்டல் அனுப்பினேன், இரண்டாம் நினைவூட்டல் அனுப்பினேன், உயர் அலுவலருக்குப் பெயரிட்டு நேர்முகக் கடிதம் எழுதினேன். தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டேன். பொருள் பரிசீலனையில் உள்ளது என்று அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. மலை அலுவலகத்துக்கு நேரில் போனபோது, பழைய பதிவேடுகள் வேறு கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருப்பதாகச் சொல்லி ஓர் இளம் பெண் எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தாள். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அக்கா இதே வழியில் ஓட்டியிருப்பாள் என்ற நினைப்பு வந்து, ஜன்னல் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இதற்கிடையில் ஜீப் ஆதம்பாக்கத்தில் தயாராக நின்றது. மெக்கானிக்குக் காரணமே விளங்கவில்லை.

"இன்னா மேடம், வண்டி சோக்கா ஓடுது. ஞாயித்துக்கெயம காலங்காத்தால ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருங்க. எவன் கேக்கப் போறான்?"

"எவனும் கேக்க மாட்டான்ப்பா," என்றாள் அக்கா. "இடிச்சா கேப்பான்."

பதிவில்லாமல் காப்பீடு செல்லாது, காப்பீடு இல்லாமல் அவள் ஓட்டமாட்டாள். ஆய்வகக் குறிப்பேட்டில் தலைப்பு எழுதாத மாணவியைத் திருப்பி அனுப்பியவள். எங்கள் குடும்பத்தில் இது ஒரு நோய், எனக்கு மட்டும் வந்ததல்ல. வேறு எந்த வீட்டிலும் அந்தச் சாவியைத் திருகிக்கொண்டு என்றைக்கோ போய்வந்திருப்பார்கள்.

ஆவணியில் ஒரு நாள் அவளே கேட்டாள், மதிலுக்கு உள்ளே ஓட்டினால் தப்பா என்று. பொது இடமல்ல, தடையில்லை என்றேன். மெக்கானிக் மற்ற இரண்டு வண்டிகளையும் ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினார். அக்கா புடவையை வரிந்துகொண்டு ஏறினாள். முதல் கியர் விழுந்தது. வண்டி ஒரு வண்டி நீளம் முன்னால் போனது. நின்றது. ஒரு வண்டி நீளம் பின்னால் வந்தது. மறுபடி முன்னால். மெக்கானிக் வாசல் கேட்டுக்கு முதுகு கொடுத்து நின்று, மலைப்பாதையில் வழி காட்டுவதைப் போலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

நான்காவதோ ஐந்தாவதோ தடவை முன்னால் வரும்போது, வண்டி லேசாக இடதுபக்கம் வளைந்து இரும்புக் கம்பத்தை நோக்கி வந்தது. மெக்கானிக் கத்துவதற்குள் அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். பம்பருக்கும் கம்பத்துக்கும் இடையே ஒரு கை அளவு இருந்தது. எஞ்சினை அணைத்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"அந்தக் கம்பம் நேராத்தானே இருக்கு?" என்று என்னை மட்டும் கேட்டாள்.

"நேராத்தான் இருக்கு அக்கா."

தலையசைத்தாள். இறங்கி, மெக்கானிக்கிடம் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். ஆட்டோவில் வீடு வந்தோம். மறுநாள் காலை காபிக்காகக் கீழே அவள் பகுதிக்குப் போனபோது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கட்டம் போட்ட தாள் இல்லை.

அதற்குப் பிறகு என்னால் தூங்க முடியவில்லை. பணியில் இருந்தபோது நான் எந்தக் கோப்பையும் விதியை மீறி நகர்த்தியதில்லை. என்றாலும் ஒரு காலை அவளிடம் போய், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் போகலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறேன், சாலை காலியாக இருக்கும் என்றேன். இதைச் சொல்ல எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகியிருந்தது. அவள் என்னையே பார்த்தாள், சரியாகச் சொன்னால் என் காதோரத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்க அவளுக்கு அதுதான் வழி.

"நீ சொல்லிண்டு வருவே. குறுக்கே வர்றவனுக்கு யாரு சொல்லுவா?"

புரட்டாசி பிறந்தது. பதில் வரவில்லை. கே.கே. நகர்க்காரர் போன் செய்யவில்லை, அதுவே பெரிய மரியாதை. ஆனால் சொன்ன வாக்கு சொன்னதுதான் என்று அக்கா மெக்கானிக்கை அழைத்து, கார்ப்பரேட்டரைக் கழற்றச் சொன்னாள். ஆய்வு முடிந்துவிட்டதே, பதில் வந்தால் பிறகு மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்ற முறையும் மாறிப்போயிருந்தது.

உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். எங்கள் தெரு டாக்டர் அக்காவைப் பார்த்தாலே எழுந்து நிற்பவர், கண்ணைச் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அவள் அவரிடம் போகவில்லை. தியாகராய நகர் ஆஸ்பத்திரிக்கே போய், ஊசி போடும் இளம் பெண் டாக்டரிடம், இந்தக் கண்ணோடு ஓட்டலாமா என்று நேராகக் கேட்டாள். அந்தப் பெண் கணினித் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பகலில், பக்கத்தில், மெதுவாக என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"உங்க அம்மாவா இருந்தா சாவியக் குடுப்பேளா?" என்றாள் அக்கா.

டாக்டர் மறுபடி திரையைப் பார்த்தாள். அக்கா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து, பாண்டி பஜார் நடைபாதையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதுவரை அவள் என் கையைப் பிடித்து நடந்ததில்லை, நான்தான் சின்ன வயதில் அவள் கையைப் பிடித்திருக்கிறேன். ஐப்பசியில் உரிமம் காலாவதியானது. அன்று அவள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீபாவளி கழிந்து சில நாளில் மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். கையில் தொப்பி, குரல் தாழ்ந்திருந்தது. கே.கே. நகர்க்காரரின் வண்டி ஷூட்டிங்கில் பாதியில் நின்றுவிட்டது, ஹெட் பிளந்துவிட்டது, இனி வெல்டிங் தாங்காது. அவர் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன் என்றார்.

"வேற எங்கயும் இல்ல மேடம். ஊர் பூரா கேட்டுட்டேன். உங்களுதுதான் கீது."

நான் குறுக்கிட்டேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, ஆய்வு செய்த எஞ்சினில் கைவைக்கக் கூடாது, பதில் எந்த நேரமும் வரலாம் என்று விளக்கினேன். மெக்கானிக் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெளியே, ஜீப் நின்றிருந்த எங்கள் கொட்டகை காலியாக இருந்தது.

"பதில் வரட்டும். வந்தா யார் ஓட்டப் போறா?" என்றாள் என்னிடம். பிறகு அவர் பக்கம் திரும்பி, "எடுத்துக்கோப்பா. நன்னா ஓடற வண்டியில இருக்கட்டும்."

கைமாற்றாகவா என்று அவர் கேட்டார். திருப்பித் தர வேண்டாம் என்றாள். அவர் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே ஹெட் மாறியது. மிச்ச எஞ்சினும் ஜீப்பும் ஆதம்பாக்கத்தில், வெளிநாட்டுக்காரரின் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. எதை எதற்கு எடுப்பார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.

மலை மாவட்ட அலுவலகத்தின் பதிலில் ஒரு குறையும் இல்லை. பழைய பதிவேட்டின் பக்கத்தைத் தேடி எடுத்து, எஞ்சின் எண்ணை ஒப்பிட்டு, இது வாகனத்தின் மூல எஞ்சின்தான் என்று உறுதி செய்து, பழம்பெரும் வாகனமாகப் பதிய ஆட்சேபமில்லை என்று தெளிவான கையெழுத்தில் முடித்திருந்தார்கள். அக்காவால் அதை வாசிக்க முடியவில்லை, நான்தான் முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவள் ஒருமுறை திரும்ப வாசிக்கச் சொன்னாள். காலையிலிருந்து மழை, தபால்காரர் உறையைப் பனியனுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அது வந்து சேர்ந்தது கார்த்திகை முதல் தேதி, திங்கட்கிழமை.